தோசைத் திருப்பியும் இரண்டாவது கிட்டங்கியும்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், உன் தோசைத் திருப்பியோடு வாசலுக்குப் போய் என் ஸ்கூட்டர் சக்கரத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நேற்று ஏறிய கரிசல் மண், ராத்திரியோடு இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன டீச்சர், வண்டிக்குத் தோச ஊத்துதீங்களா?"

"முறுகலா வேணுமாம்" என்றேன். எனக்கு அப்படியெல்லாம் சட்டென்று பதில் வராது. நீ சொல்லியிருக்க வேண்டியதை நான் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு பெரிய கட்டி உடைந்து விழுந்தபோது உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. அந்த வாசனை மேலே வந்தது. அதோடு நீயும் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்று, "ஏட்டி, வளைவப் பாத்து விடு, டயரு கிழிஞ்சிரும்" என்றாய்.

உன் வண்டியின் இருக்கைக்குக் கீழே எப்போதும் இந்தத் திருப்பி கிடக்கும். குச்சி, ஸ்க்ரூடிரைவர், பல் உடைந்த சீப்பு என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு, மட்கார்டின் வளைவுக்குத் தோசைத் திருப்பிதான் சரியாகப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தவள் நீ. நீ போன பிறகு வண்டியை விற்றார்கள். அண்ணன், அதாவது உன் வீட்டுக்காரர், இதை ஒரு மஞ்சப்பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தார். "அவ வண்டியில கெடந்துச்சும்மா. வழியில எங்கயும் தோச சுட்டாளா என்னன்னு எனக்குத் தெரியல" என்றார். இத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் அதைச் சிரிக்காமல் கேட்டார். நானும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகு சிரித்தேன். அந்தச் சிரிப்பு வேறு எங்கோ போய் முடிந்தது. அதை விடு.

நேற்று நான் போயிருந்தது ஊசிமேட்டுக்கு. ஆமாம், உன் மாமியார் ஊருக்கேதான். இன்று பதினொரு மணிக்கு நம் உழவர் நிறுவனத்தின் கூட்டம். பயறு மூட்டைகளை அடுக்கிவைக்க இரண்டாவது கிட்டங்கி எங்கே கட்டுவது என்று இன்றைக்கு முடிவாகிறது. கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவள் நான். தார்ச் சாலையில், டீக்கடையோடு இருக்கும் நாலுமுக்கு என்கிற சந்திப்பா, இல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் கரிசல் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் இருக்கும் ஊசிமேடா? நீ இல்லாமல் நான் போடுகிற முதல் இடக் கணக்கு இது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் முதலில் கிட்டங்கி என்றால் ஏன் இவ்வளவு பேச்சு என்று விளக்க வேண்டியிருக்கும்.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் கணிதம் படித்தோம். நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன். நீ கல்யாணம் முடித்து, உளுந்தும் பாசிப்பயறும் விளைவிக்கிற சம்சாரிகள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு மேலாளராகப் போனாய். நான் நடத்தும் பாடத்தின் பெயர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று அத்தையிடம், அதாவது உன் மாமியாரிடம், தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முழங்காலைக் காட்டுகிறார். நீயும் திருத்தவில்லை. "அழுத்திப் பாத்து ஏதாச்சும் சொல்லு, அவிய சந்தோசப்படுவாவ" என்று என்னை மாட்டிவிட்டுப் போனாய்.

முதல் கிட்டங்கிக்காக நீ என்னைத் தேடி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரி ஆசிரியர் அறைக்குள் செருப்புச் சேற்றோடு நுழைந்து, "எங்க கிட்டங்கிய எங்கன கட்டணும்னு சொல்லு. நீ பிள்ளைகளுக்கு அதத்தான நடத்துத?" என்றாய். அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் யாரும் ஒருநாளும் நிஜமாக வந்து கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பாடத்தில் அது எளிது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் கிட்டங்கிக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அந்த ஊரிலிருந்து எத்தனை மூட்டை வருமோ அதனால் பெருக்க வேண்டும். எல்லா ஊரையும் கூட்ட வேண்டும். எந்த இடத்தில் கட்டினால் அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் இடம். கம்ப்யூட்டரில் நிரல் எழுதி, ஓட்டி, ஒரு தாளில் விடையை அச்செடுத்துக்கொண்டு உன்னோடு கூட்டத்துக்கு வந்தேன். தலைவர் அண்ணாச்சி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்க சொல்லுததா, கம்ப்யூட்டர் சொல்லுததா?"

"கம்ப்யூட்டர் அண்ணாச்சி."

"அதுக்கு எந்த ஊரு?"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி என்று எல்லாருக்கும் பட்டது. எந்த ஊர் என்று தெரியாத ஒன்று, எந்த ஊருக்குச் சாதகமாகப் பேசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த வாரம் நீ ஒரு பிளைவுட் பலகையோடு வந்தாய். அதன் மேல் நம் வட்டாரத்தின் வரைபடத்தை ஒட்டி, ஊர் இருக்கும் இடமெல்லாம் துளை போட்டிருந்தாய். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு நூல். நூல்களின் மேல்முனைகள் எல்லாம் ஒரு வளையத்தில் கட்டியிருந்தன. பலகையை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம்போல் வைத்து, கீழே தொங்கும் முனைகளில், ஊர் ஊராக விளைச்சலுக்குத் தக்கபடி பூட்டுகளைக் கட்டினாய். அண்ணனின் இரும்புக் கடையில் அன்றைக்குப் பூட்டு வாங்க வந்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு போனார்களாம். பூட்டுகளின் கனம் வளையத்தை நாலா பக்கமும் இழுக்கும். வளையம் எங்கே போய் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் கூட்டுத்தொகை குறைவான இடம். நான் ஒரு பாடவேளை முழுக்கக் கரும்பலகையில் நிறுவுவதை நீ பூட்டை வைத்துச் செய்துவிட்டாய்.

அதன் பிறகுதான் வேடிக்கை. வளையத்தை நீ விட்டதும் அது தள்ளாடிப் போய் ஒரு இடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே மேற்கே நகர்ந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். கழுகுமலைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் ஊர் நூலில் டிபன் கேரியரை மாட்டியிருந்தார்.

"இந்த வருசம் எங்களுக்கு மகசூல் கூடுதல்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

"கேரியருக்குள்ள என்ன அண்ணாச்சி, உளுந்தா?" என்று கேட்டாய்.

"உளுந்தஞ்சோறு."

"அப்ப சரி. நம்ம சரக்குதான்" என்று நீ சொன்னதும் அறையே சிரித்தது. ஆனால் அதற்குள் கிழக்கே உள்ளவர்கள் உஷாராகிவிட்டார்கள். ஒருவர் தன் நூலைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேரியரைக் கழற்றி, கட்டைவிரலை விடுவித்து, எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்து நீ மறுபடி வளையத்தை விட்டபோது, அது போய்க் கண்மாய்க்கு நடுவே நின்றது.

என் தாளில் இருந்த விடையும் கண்மாய்க்குப் பக்கத்தில்தான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அனுபவிக்க விடாமல் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அந்தக் கம்மாயில தண்ணி எப்ப கெடந்துச்சு? அங்கனயே கட்டிருவோம்" என்றது.

"நாம கட்டி முடிச்ச அன்னைக்குப் பேயும்" என்றாய். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பக்கத்து மழையின் குணம் எல்லாருக்கும் தெரியும்.

கண்மாய்க்கு மிக அருகே சாலை போகிற இடம் கல்பாலம். அங்கே முதல் கிட்டங்கி எழும்பியது. கணக்குப்படி எல்லாம் சரி. திறந்த பிறகு பார்த்தால், தெற்கே உள்ள ஊர்களிலிருந்து மூட்டைகள் சாயங்காலம் கிட்டங்கியைப் பூட்டிய பிறகு வந்து சேர்ந்தன. சில வண்டிகள் நேர் வழியை விட்டுவிட்டுக் கழுகுமலைச் சாலையில் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தன. நேர் வழி எவ்வளவு குறைவு என்று நான் வரைபடத்தில் காட்டினேன். தலையாட்டினார்கள். மறுநாளும் சுற்றித்தான் வந்தார்கள். என் நிரலில் பிழை தேடி நான் கண் வீங்கிப் போனேன். நீ தேடவில்லை. தெற்கத்தி ஊரிலிருந்து கிளம்பும் ஒரு லோடு ஆட்டோவில் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வந்தாய்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தவள், வயிற்றைத் தடவிக்கொண்டே கிடந்தாய். பிறகு சொன்னாய்: "ஏட்டி, நேர் வழியில ஒரு ஊரு இருக்குல்லா, அது இவியளுக்கெல்லாம் சம்பந்தி ஊரு. சம்பந்தி வீட்டைத் தாண்டி நிக்காமப் போனா குத்தம். நின்னா சாப்பிடணும். ஒரு வீட்டுல சாப்பிட்டா அடுத்த வீட்டுல கோவம். மூணு வீட்டுல சாப்பிட்டேன். ரெண்டு வீட்டுல பாயாசம். உன் நெரலுல பாயாசத்துக்கு எங்கனயாச்சும் எடம் இருக்கா?"

இல்லை. நாம் அன்றே இடம் ஒதுக்கினோம். சம்பந்தி ஊர் வழியாகப் போகும் சாலைக்கு, நிஜத் தூரத்தோடு கூடுதலாக ஒரு தூரத்தைச் சேர்த்தோம். நீ அதற்குச் சம்பந்தி வரி என்று பெயர் வைத்தாய். அதைச் சேர்த்ததும், வண்டிகள் நிஜமாகப் போன சுற்றுவழியையே நிரலும் குறுகிய வழி என்று காட்டியது. என் மாணவர்களுக்கு இன்றும் அந்த நிரலைத்தான் கொடுக்கிறேன். அதில் சம்பந்தி என்ற மாறி அப்படியே இருக்கிறது. எழுத்துப் பிழையோ என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கல்யாணம் ஆன பிறகு வந்து கேள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கிட்டங்கி பூட்டும் நேரத்தை நீ தள்ளிவைத்துச் சமாளித்தாய். ஆனால் கட்டிய சுவரை நகர்த்த முடியாது. ஒன்றை மட்டும் கட்டுவதற்கு எது நல்ல இடமோ, அது இரண்டாவதாக ஒன்று வரும்போது நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக, அந்தந்த நேரத்தில் எது லாபமோ அதை எடுத்துக்கொண்டு போகிற முறைக்குப் பாடத்தில் பேராசை முறை என்றே பெயர். முதல் வகுப்பில் அதைக் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பி, "உன் சாப்பாட்டு முறைட்டி" என்று சொன்னது, எனக்கும் கேட்டது, நடத்திக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

இரண்டாவது கிட்டங்கி பற்றி நமக்குள் சண்டை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. நான் எப்போதும் மொத்தத்தைக் குறைக்கிறவள். எல்லாருடைய தூரத்தையும் கூட்டி, வகுத்து, சராசரி குறைந்தால் எனக்குத் தூக்கம் வரும். நீ எப்போதும் கடைசியில் இருப்பவர்களைப் பார்க்கிறவள். எல்லாரையும்விடத் தூரத்தில் இருக்கிற ஊர் எது, அந்தத் தூரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்பாய். இரண்டுமே பாடத்தில் உள்ள முறைகள்தான். இரண்டுக்கும் நிரல் உண்டு. எதை எடுப்பது என்பதற்குத்தான் நிரல் கிடையாது. என் முறைக்கு விடை நாலுமுக்கு. உன் முறைக்கு விடை ஊசிமேடு.

"சராசரி, சராசரிங்கியே, அந்த ஆளு எந்த ஊருல இருக்காரு? காட்டு, நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்பாய்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். ஊசிமேட்டுக்காக நீ ஏன் இவ்வளவு வரிந்துகட்டுகிறாய்? அத்தையும் நீயும் ஒரே அடுப்படியில் கால் மணி நேரம் சேர்ந்து நின்றால் தெருவுக்கே கேட்கும். கேட்டேன். நீ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "யாருட்டயும் சொல்லாத. வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் மூட்டைய விக்கணும்னு சொல்லிக்கிட்டு அவிய கோவில்பட்டிக்கு வாராவ. வந்தா ரெண்டு வாரம் எங்க வீட்டுல டேரா. என் சாம்பாருல புளி கூடுதல், என் பிள்ளைக்கு எண்ணெய் குறைச்சல். கிட்டங்கிய அவிய வாசல்லயே கட்டிட்டா, எதுக்கு வாரப்போறாவ?"

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. தூரத்தில் இருப்பவர்களின் நியாயம் என்று நான் மரியாதையாக எண்ணிக்கொண்டிருந்ததன் அடியில் இப்படி ஒரு அடித்தளம். ஆனால் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அத்தை ஊருக்குக் கிளம்பிய அன்று உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் நீ யாரோடும் சண்டை போட முடியாமல், டிவியோடு போட்டுக்கொண்டிருப்பாய்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீண்ட வார்டு, உனக்கு ஜன்னலோரக் கட்டில். நான் பார்க்க வந்தபோது டாக்டர் சொன்னது எதையும் நீ சொல்லவில்லை. நர்ஸ் உட்காரும் மேசையைக் காட்டினாய். "கரெக்டா நடுவுல போட்டிருக்காவ பாரு. உன் சிஷ்யப்பிள்ள எவளோதான் போட்டிருக்கணும். மொத்தத்துல எல்லாருக்கும் கிட்ட." மூச்சு வாங்கிவிட்டு, "எனக்குத்தான் தூரம்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அதற்குப் பிறகு சராசரி என்ற சொல்லை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்ல நாளும் இருக்கவில்லை.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். முந்தாநாள் மழை. மார்கழிக் கடைசியில், சரியாக உளுந்தும் பாசியும் பிடுங்கிக் களத்தில் கிடக்கும்போது வந்த மழை. என் நிரலில் எல்லாச் சாலையும் காய்ந்த சாலை. நனைந்தால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம் என்று கிளம்பினேன். தார்ச் சாலை முடிந்து வண்டிப்பாதையில் இறங்கியதும் சக்கரம் சுற்றச் சுற்ற மண்ணைச் சுருட்டிக்கொண்டு ஆட்டுரல் குழவி மாதிரி ஆனது. பிறகு சுற்றவே இல்லை. வேலிக்கருவை மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் ஒரு அடுக்கு ஏறியது. ஊசிமேட்டுக்குள் நுழையும்போது நான் உன்னைவிட ஒரு சாண் உயரம். என்னை நெட்டையாகப் பார்க்க நீ இல்லாமல் போய்விட்டாய்.

வீடுகளுக்குள் உளுந்து படுத்திருந்தது. கட்டில்மேல் உளுந்து, அதற்கு ஃபேன். மனிதர்கள் தரையில். அத்தை வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வா தாயி. என்ன, முழங்கால் வரைக்கும் கருப்பு மருதாணி போட்டிருக்க?"

கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். நான் கழுவி முடிக்கும் முன்னே தன் முழங்காலைக் காட்டினார். அழுத்திப் பார்த்து, பரவாயில்லை என்றேன். சந்தோஷப்பட்டார். தின்பண்டம் எடுக்க உள்ளே போனபோது, சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டை ஒன்றுக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையோடு வந்த பாசிப்பயறில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரோடு காயட்டும்னு இருக்கோம் டீச்சர்" என்றார். "ரோடு காயுததுக்குள்ள இது காடாயிரும். ஓடைக்கு இங்கிட்டு இருக்கிற ஊருக்கெல்லாம் இதே கததான். போன வருசமும் மாட்டுக்குத்தான் போட்டோம். மாடு நல்லா இருக்கு."

காயப்போட இடமும், நனையாத கூரையும் அந்த ஊரிலேயே இருந்தால் போதும். லாரி சாலை காயும்வரை காத்திருக்கும். பயறு காத்திருக்காது. இதை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்? சாம்பார்ப் புளிக் கதையைக் கேட்டுச் சிரித்த பிறகு, நீ சொன்ன மற்றதையும் சிரிப்போடு சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

அத்தையிடம், இங்கே கிட்டங்கி வரலாம் என்று சொன்னேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன்.

"வேண்டாம்" என்றார்.

"ஏன் அத்தை?"

"இங்கன வந்துட்டா, நான் என்னன்னு சொல்லிக் கோவில்பட்டிக்கு வாரது?"

"மகன் வீட்டுக்கு வாரதுக்கு என்னன்னு சொல்லணும்?"

"நீ படிச்சு என்னத்துக்கு ஆச்சு. பொண்டாட்டி செத்த மகன் வீட்டுல ஆத்தாக்காரி சும்மா போயி உக்காந்தா ஊரு என்ன பேசும்? ரெண்டாந்தாரம் பாக்க வந்திருக்கான்னு பேசும். அவனுக்கும் கூச்சமாப் போவும். மூட்டையோட போனா, யாவாரத்துக்கு வந்திருக்கா, வித்ததும் போயிருவான்னு சும்மா இருப்பாவ."

வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "அங்கன அவ படம் மாட்டியிருக்கான்லா. அதுக்கு முன்னால உக்காந்து ரெண்டு வார்த்த வைஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது. இருக்கையில எதுத்து எதுத்துப் பேசுவா. இப்ப என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. அதுதான் எனக்குப் பொறுக்கல."

தூரம் என்றால் செலவு, குறைக்க வேண்டியது என்று இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒருத்தி அந்தத் தூரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை எடுத்துவிடாதே என்கிறாள்.

"அப்ப ஊருக்கு வேண்டாமா அத்தை?"

"ஊருக்கு வேணும். எனக்குத் தெரியாதா? முளைச்சுக் கெடக்கதப் பாக்கத்தான செய்யுதேன்." என் தட்டில் இன்னும் ஒரு கை சேவு அள்ளி வைத்தார். "என்னயக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனால கேக்காமக் கட்டுங்க."

இன்று காலை சக்கரம் சுத்தமானதும் குளித்துவிட்டு நிரலைத் திறந்தேன். ஓடையைத் தாண்டும் கரிசல் பாதைகளை எல்லாம் மழை மாதங்களுக்கு மூடினேன். மூடிய பாதைக்குத் தூரம் அளவில்லாதது என்று வைத்து ஓட்டினால், என் முறைக்கும் விடை ஊசிமேடு. உன் முறைக்கும் ஊசிமேடு. நாம் இரண்டு பேரும் முதல் முறையாக ஒத்துப்போகிறோம். நீ இருந்தால் உடனே வேறு முறைக்கு மாறியிருப்பாய்.

தலைவர் அண்ணாச்சி நாலுமுக்குக்காகத்தான் பேசுவார். அங்கே வடை நன்றாக இருக்கும். பலகையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து நூல்களை அறுத்துக் காட்டுவேன். பூட்டுகள் தரையில் விழும் சத்தம் அவருக்குக் கேட்கட்டும். சராசரி எந்த ஊர்க்காரர் என்றும் கேட்பேன். டிபன் கேரியர் கொண்டு வருகிறவர்களை வெளியே வைக்கச் சொல்வேன்.

இதெல்லாம் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியப்போவது. தெரியாமல் இருக்கப்போவது ஒன்று உண்டு. தீர்மானத்தின் கடைசியில் ஒரு விதி சேர்க்கப் போகிறேன். ஒவ்வொரு அறுவடைக்கும் ஊசிமேட்டுக் கிட்டங்கியின் மாதிரிப் பயறை, அந்த ஊரின் அனுபவமுள்ள ஒரு பெண்மணி நேரில் கோவில்பட்டி அலுவலகத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஈரப்பதம் சரிபார்த்து முடியும்வரை இங்கேயே தங்க வேண்டும். கிட்டங்கி எழும்பும்வரை களத்துப் பயறே போதும், இந்த அறுவடையிலிருந்தே அமல். ஈரப்பதத்தை அங்கேயே ஒரு கருவி நொடியில் சொல்லிவிடும், போனில் அனுப்பிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால், கருவியை இரண்டு வாரமாவது சரிபார்க்க வேண்டும் என்று முகத்தை வகுப்பறை மாதிரி வைத்துக்கொண்டு சொல்வேன். பயணங்களைக் குறைப்பதே பிழைப்பாக இருந்தவள், ஒன்றுக்கும் உதவாத ஒரு பயணத்தைத் தெரிந்தே சேர்க்கிறேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை, அத்தைக்கும் தெரியாது.

எந்தத் தொல்லை ஒழிய வேண்டும் என்று நீ ஊசிமேட்டில் கிட்டங்கி கேட்டாயோ, அது ஒழியாது. தோசைத் திருப்பியைத் துடைத்து இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, நீ வைக்கிற மாதிரியே, கைப்பிடி இடதுபக்கம் பார்க்க. நான் கிளம்புகிறேன். தை பிறந்ததும் அத்தை வருவார். கையில் ஒரு பொட்டலம் பாசிப்பயறோடு, மூட்டைகூட இல்லாமல், நிறுவன வேலையாக. அந்தப் படத்துக்குள்ளிருந்து ஒருமுறையாவது எதிர்த்துப் பேசிவிடு.